கதவு திறந்தது, ஏடு திறக்கவில்லை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, வன்னியைச் சேர்ந்த கமக்காரர் ஒருவர் தம் மகனைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு எமது அலுவலகத்துக்கு வந்தார். காணி வழக்கென்றே எண்ணினோம். வன்னியிலிருந்து எம்மிடம் வருவோர் பெரும்பாலும் காணித் துயரத்தோடுதான் வருவர். வந்தவரோ உறுதி எதனையும் எடுத்தாரில்லை. பையிலிருந்து ஒரு கட்டு நிழற்பிரதித் தாள்களை எடுத்து மேசைமீது வைத்தார். “ஐயா, பொடியனுக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது. கண் தெரியாது. இதை வாசிச்சுக் காட்ட ஆளில்லை. இதுக்கு வழக்குப் போடேலுமோ?” என்றார்.

இருபது ஆண்டுச் சட்டத்தொழிலில் காணிக்கும் வாய்க்காலுக்கும் வேலிக்கும் கோயில் முதன்மைக்கும் வழக்குப் போடலாமா என்று கேட்டவர் பலரைக் கண்டிருக்கிறோம். ஒரு மாணவன் தன் பாடத்தை வாசிப்பதற்கு வழக்குப் போடலாமா என்று கேட்டவரை அன்றே முதன்முதலிற் கண்டோம். உடனே விடை சொல்ல எம்மால் இயலவில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

“எப்படித் தம்பி படிக்கிறீர்?” என்று மகனைக் கேட்டோம். அவர் தம் கைத்தொலைபேசியை எடுத்தார். திரையில் விரலை வைத்ததும் அது பேசத் தொடங்கிற்று. அன்றைய பத்திரிகைச் செய்தியொன்றை, நாம் பின்தொடர முடியாத வேகத்தில், தெளிவான தமிழில் வாசித்தது. அந்த வேகம் அவருக்குப் போதாதென்றும் சொன்னார்! பின்னர், பலமுறை இரந்து கேட்டபின் விரிவுரையாளர் ஒருவர் அனுப்பிய குறிப்பொன்றைத் திறந்தார். அதே கருவி, அதே குரல். ஆனால் வெளிவந்தது தமிழுமன்று, ஆங்கிலமுமன்று; பொருளற்ற எழுத்துக் குவியல். “இதுதான் சேர், எங்களுக்குக் கிடைக்கிற தமிழ்” என்று சிரித்தார் அந்த இளைஞர். தந்தையார் சிரிக்கவில்லை.

கண்ணால் பார்த்தால் அக்குறிப்பு அழகிய தமிழ். காதால் கேட்டால் குப்பை. இது எங்ஙனம்? காரணம் மிகச் சிறியது. எனினும் நம்மிற் பலர் அறியாதது. ஆகவே சற்று விரித்துரைக்க வாசகர்கள் இடந்தருவார்களாக.

கணினியில் தமிழுக்குத் தனியிடம் இல்லாதிருந்த காலத்தில், ஆங்கில எழுத்துக்கள் இருக்கும் இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்து நம்மவர்கள் வேலையைக் கொண்டு நடத்தினர். பாமினி என்ற எழுத்துரு அவ்வகையது. இலங்கைத் தமிழ் அச்சகங்களும் கந்தோர்களும் பாடசாலைகளும் அதனையே கைக்கொண்டன. அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனம். அதனைக் குறை கூறோம். ஆனால் அந்த முறையில் ‘அம்மா’ என்று தட்டெழுதினால், கணினியினுள்ளே கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளே. நம் கண்ணுக்கு மட்டும் அது அம்மா. கண்ணில்லாதவருக்கு வாசித்துக் காட்டும் கருவியோ உள்ளே உள்ளதைத்தான் வாசிக்கும். பெற்ற தாயின் பெயரை அது எம் என்றும் கே என்றும் உளறுகிறது.

யுனிகோட் எனப்படும் ஒருங்குறியில் உலக மொழிகளோடு தமிழுக்கும் தனியிடம் கிடைத்தது 1991ஆம் ஆண்டில். சாதாரணக் கணினிகளில் அது இயங்கத் தொடங்கியது 2000ஆம் ஆண்டளவில். இன்று எந்தக் கைத்தொலைபேசியும் தமிழை அம்முறையிலேயே எழுதுகிறது. பழைய எழுத்துருவில் கிடக்கும் பக்கத்தை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நூறு பக்கக் குறிப்பை மாற்றச் சில நிமிடங்கள் போதும். அப்படியிருந்தும் விரிவுரைக் குறிப்புகள், சுற்றறிக்கைகள், விண்ணப்பப் படிவங்கள் பல பழைய முறையிலேயே வந்துகொண்டிருக்கின்றன. ஏன் என்று கேட்டால், “கை பழகிவிட்டது” என்பது விடை.

தமிழ் அரச கரும மொழியாதல் வேண்டும் என்பதற்காக இந்நாட்டில் நம் மக்கள் பட்டதை இங்கே திரும்பச் சொல்லத் தேவையில்லை. சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தைத் திருப்பியனுப்பிய தலைமுறையின் பிள்ளைகள் நாம். அந்த நாமே, நம் கைப்பழக்கத்தின் பொருட்டு, நம் பிள்ளைகளில் ஒரு பகுதியினரால் வாசிக்க முடியாத தமிழை அச்சடித்துக்கொண்டிருக்கிறோம். இதற்குக் கொழும்பைக் குறை கூறுவது எங்ஙனம் பொருந்தும்? தட்டெழுதுபவரும் தமிழர், கையொப்பமிடுபவரும் தமிழர், வாசிக்க முடியாமல் நிற்பவனும் தமிழன்.

வாசித்துக் காட்டும் கருவி விலையுயர்ந்தது என்று சிலர் எண்ணுவதுண்டு. ஒரு காலத்தில் உண்மை, இன்று அன்று. கண்பார்வையற்ற மைக்கல் கரன் என்ற அவுஸ்திரேலிய இளைஞர் 2006இல் தொடக்கி, அவரைப் போன்றே பார்வையற்ற ஜேம்ஸ் டே என்பாரோடு சேர்ந்து வளர்த்த என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் எவர்க்கும் இலவசம். தமிழும் வாசிக்கும். கைத்தொலைபேசிகளிலோ வாங்கும்போதே இவ்வசதி உள்ளே இருக்கிறது. இதனை வாசிக்கும் உங்கள் சட்டைப்பையில் இருப்பதிலும் இருக்கும். ஆகவே கருவி இல்லை என்பதன்று குறை. கருவிக்குக் கொடுக்கத்தக்க ஏடு இல்லை என்பதே குறை.

நிழற்பிரதிக் கட்டின் கதை இன்னும் ஒருபடி கடினம். தாளைப் படம்பிடித்துக் கணினியில் ஏற்றினால் அது படமேயன்றி எழுத்தன்று. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் தமிழுக்கும் உண்டு. நல்ல அச்சாயின் பெரும்பாலும் சரியாகவே பிரிக்கிறது. மங்கிய நிழற்பிரதியில் ரகரத்தையும் காலையும் மயங்கும், னகரத்தை ளகரமாக்கும். யாரோ ஒருவர் பக்கத்தைப் பார்த்துத் திருத்தல் வேண்டும். ஒரு பாடத்துக்கு ஒருமுறை செய்தால் பின்வரும் மாணவர் யாவர்க்கும் அது பயன்படும். இதனைச் செய்ய நூலகத்தில் ஓர் உத்தியோகத்தர், வகுப்பிற் சில நல்ல பிள்ளைகள், ஒரு வருடி, இவ்வளவே வேண்டும்.

கேட்டே படித்தாற் போதுமா என்று வேறொரு வினாவும் உண்டு. போதாது என்பது எமது துணிபு. அறத்துக்கும் அரத்துக்கும், கறைக்கும் கரைக்கும் காதில் வேறுபாடு சிறிது. எழுத்தில் வேறுபாடு பெரிது. கேள்வியால் மட்டும் கற்றவன் எழுத்துக்கூட்டலில் தடுமாறுவான். விரலால் எழுத்தைத் தொட்டறியும் பிறெயில் முறை, லூயி பிறெயில் என்ற பிரெஞ்சுச் சிறுவன் இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஆறு புள்ளிகளைக்கொண்டு அமைத்தது, அதனால்தான் இன்னும் அழியாதிருக்கிறது. கைதடி நவீல்ட் பாடசாலையிலும் சுன்னாகம் வாழ்வகத்திலும் பிறெயில் கற்ற பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு வருகிறார்கள். வந்தபின் பிறெயிலில் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? கணினியில் உள்ள எழுத்தைப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பலகைகள் இப்போதுள்ளன. அவை மலிவல்ல. பெரும்பாலும் கணினியிலும் விலை கூடியவை. ஒரு கமக்காரக் குடும்பத்தால் வாங்க முடியாது. ஆனால் நூலகம் நான்கு பலகைகளை வாங்கி வைத்து இரவல் கொடுக்க முடியாதா? இரசாயன ஆய்வுகூடத்துக்குத் தராசு வாங்கும்போது, ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டிலிருந்து தராசு கொண்டுவரட்டும் என்று எவரும் சொல்வதில்லையே!

இனிப் பரீட்சை. பார்வையற்ற மாணவர் விடையைச் சொல்ல, வேறொருவர் எழுதுவது வழக்கம். எழுதுபவர் அப்பாடத்தை அறியாதவராய் இருத்தல் வேண்டும் என்பது நியாயமே. விளைவு என்ன? அறம் என்று சொன்னதை அரம் என்று எழுதிவிட்டால், பிழை சொன்னவன் தலையில். தன் விடையைத் தான் திருப்பிப் பார்க்கவும் அவனால் முடியாது. மூன்று மணிநேரம் இன்னொருவரின் கைவேகத்துக்குத் தன் மூளையைக் கட்டிவைக்கிறான். இணையத் தொடர்பு நீக்கிய கணினியொன்றில், மேற்பார்வையாளர் முன்னிலையில், தானே தட்டெழுதித் தானே கேட்டுத் திருத்த விட்டால் என்ன கெட்டுவிடும்? களவு நடக்கும் என்பார்கள். களவைத் தடுக்க மேற்பார்வையாளர் இருக்கிறார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

மற்றைய மாணவருக்கு இது அநீதி ஆகாதா என்ற வாதத்தைப் படித்தவர் வாயிலேயே கேட்டிருக்கிறோம். அவர்கள் அதனைக் கேட்டபோது மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தனர். கண்ணாடியின்றி அவர்கள் பரீட்சை எழுதியிருந்தாற் பட்டம் எங்கே, பதவி எங்கே? நம் கமக்காரர்களுக்கு இவ்வளவு விளக்கம் வேண்டியதில்லை. துலா மிதித்து இறைத்த தோட்டங்களுக்கு நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. இயந்திரத்தால் இறைத்தவன் விளைவித்த வெங்காயத்தை வெங்காயமன்று என்று சந்தையில் எவனும் தள்ளி வைத்தானா? நாற்று நட்டவனும் களை பிடுங்கியவனும் அவனே. நீர் ஏறிவரும் வழி மட்டுமே மாறிற்று.

இனி, அந்தத் தந்தையார் கேட்ட கேள்விக்கு வருவோம். வழக்குப் போடலாமா?

இந்நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென இயற்றப்பட்டது. அதன் 23ஆம் பிரிவின்படி, இயலாமையைக் காரணங்காட்டி எவரையும் தொழிலுக்குச் சேர்ப்பதிலோ கல்வி நிலையத்தில் அனுமதிப்பதிலோ வேற்றுமை காட்டல் ஆகாது. மீறினால் மேல் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம் என்கிறது 24ஆம் பிரிவு. நன்று. ஆனால் சட்டத்தின் சொற்களைக் கூர்ந்து நோக்குக: ‘அனுமதிப்பதில்’. எம்மிடம் வந்த இளைஞருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பார்வையற்றோர்க்கும் ஏனைய இயலாமையுடையோர்க்கும் பல்கலைக்கழகப் பிரவேசத்தில் சிறப்பு ஏற்பாடு இருக்கிறது. கதவைத் திறக்கச் சொல்லும் சட்டம், ஏட்டைத் திறக்கச் சொல்லவில்லை. கட்டடங்களைப் பற்றி மட்டும் இன்னும் சிறிது சொல்கிறது. 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. புதிய பொதுக் கட்டடங்கள் அவற்றுக்கு அமையவேண்டும் என்று 2011இல் உயர் நீதிமன்றமும் கட்டளையிட்டது. சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கு அதுவேனும் உண்டு. இரண்டாம் மாடியில் விரிவுரை வைத்துவிட்டு, கீழே சாய்தளத்தைக் காட்டும் வேடிக்கையை நாம் கண்டிருக்கிறோம் என்பது வேறு கதை.

இயலாமையுடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இலங்கை 2007இல் கையொப்பமிட்டு, 2016 பெப்ரவரியில் அதனை ஏற்று உறுதிசெய்தது. அதன் 24ஆம் உறுப்புரை உயர்கல்வியைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. நியாயமான இசைவாக்கம் செய்துகொடுத்தல் அரசின் கடமை என்கிறது. ஆனால் வெளிநாட்டிற் கையொப்பமிட்டது உள்நாட்டுச் சட்டமாகாவிடின் நீதிமன்றத்தில் நிலைநாட்டல் அரிது. 2006இல் சிங்கராசா வழக்கின் தீர்ப்பு இதனை நமக்குக் கசப்பாகக் கற்பித்தது. 1996இன் சட்டத்தை உடன்படிக்கைக்கு இசைய மாற்றியெழுதும் வேலையோ ஆண்டாண்டாக இழுபட்டு வந்திருக்கிறது. இடையில் நடந்தது பெயர்மாற்றம். அங்கவீனர் வலதுகுறைந்தோர் ஆயினர், வலதுகுறைந்தோர் மாற்றுத்திறனாளிகள் ஆயினர். பெயர்ப்பலகை எழுதுபவர்க்கு நல்ல வருவாய்.

எனினும் வழியில்லாமற் போகவில்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. இயலாமையுடையோரின் முன்னேற்றத்துக்கென அரசு சிறப்பு ஏற்பாடு செய்வதைத் தடுக்க ஏதுமில்லை என்றும் அதன் நாலாம் உட்பிரிவு சொல்கிறது. பல்கலைக்கழகம் அரசின் அங்கம். எல்லா மாணவருக்கும் ஒரே நிழற்பிரதியைக் கொடுத்துவிட்டு, சமமாக நடத்தினோம் என்று சொல்வது சமத்துவமாகாது. இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரியில், எழுதும்போது கை இறுகும் நோயுடைய ஒரு பரீட்சார்த்திக்கு எழுதுநர் ஒருவரை மறுத்தது தவறென்று தீர்த்தபோது, இசைவாக்கத்தை மறுப்பதே வேற்றுமை காட்டல் என்ற நிலையை எடுத்தது. அத்தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, அறிவுறுத்தும். அங்கு 2016ஆம் ஆண்டின் சட்டமே அத்தீர்ப்புக்கு முதுகெலும்பு. நமக்கோ அரசியலமைப்பைக்கொண்டே வாதிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே தந்தையாருக்கு நாம் சொன்ன விடை: “போடலாம் அண்ணை. ஆனால் தீர்ப்பு வரமுன்னம் தம்பியின்ரை படிப்பு முடிஞ்சிடும்.”

வழக்குக்கு முன்னே செய்யத்தக்கவை உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாச் சர்வகலாசாலையின் பேர்க்லி வளாகத்துக்கு 1962இல் எட் ரொபேட்ஸ் என்ற மாணவர் வந்தார். இளம்பிள்ளைவாதத்தால் கழுத்துக்குக் கீழ் உடல் செயலிழந்தவர். மூச்சுவிட இரும்புக்கூண்டு வேண்டும். அக்கூண்டை எந்த விடுதியும் ஏற்காமையால் வளாக வைத்தியசாலையிலேயே தங்கிப் படித்தார். அவரைப் பின்பற்றி மேலும் சிலர் வந்தனர். ஒருவர்பின் ஒருவராய்க் கெஞ்சுவதை விட்டு ஒன்றுகூடினர். 1970இல் அவ்வளாகத்திலேயே இயலாமையுடைய மாணவருக்கென ஒரு நிலையம் தோன்றிற்று. உதவியாளர் தேடித் தருவது, சக்கர நாற்காலி பழுதுபார்ப்பது எல்லாம் அதன் வேலை. முன்னர் இவருக்குத் தொழில் செய்யும் தகுதி வராதென்று எழுதிய அதே மாநிலத் திணைக்களத்துக்கு 1975இல் இவரே பணிப்பாளரானார்! 1973இல் இயற்றிய சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிகளில் மத்திய அரசு கையொப்பமிடாது இழுத்தடித்தபோது, 1977 ஏப்ரலில் இயலாமையுடையோர் சான்பிரான்சிஸ்கோவின் அரசாங்கக் கட்டடமொன்றினுட் புகுந்து மூன்று வாரங்களுக்கு மேல் அசையாது அமர்ந்திருந்தனர். கையொப்பம் வந்தது. 1961இல் கச்சேரி வாசலில் அமர்ந்திருந்த மக்களுக்கு இம்முறை புதிதன்று.

நம்மிடையே இம்மாணவர் சிதறிக் கிடக்கின்றனர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 16 இலட்சம் பேருக்கு மேல், அதாவது 8.7 சதவீதத்தினருக்கு, ஏதேனும் ஓர் இயலாமை இருந்தது. போர் நடந்த மாவட்டங்களில் கண்ணையும் காலையும் கேள்வியையும் எறிகணைக்கும் கண்ணிவெடிக்கும் கொடுத்தவர் எத்தனை பேர் என்பதை ஒவ்வோர் ஊரும் அறியும். கால் இழந்தவருக்குச் செயற்கைக்கால் பொருத்தி நடக்க வைக்க யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் இருக்கிறது. வாசிப்பை இழந்தவனுக்கு அதுபோன்ற ஒன்றை நாம் அமைத்தோமா? கேள்விப்புலன் குறைந்த மாணவர்களைப் பற்றித் தனியே எழுதவேண்டும். பேசுவதை உடனுக்குடன் தமிழெழுத்தாக்கிக் காட்டும் வசதி இன்று கைத்தொலைபேசியில் வந்துவிட்டது, ஆயின் விரிவுரையாளர் கரும்பலகையைப் பார்த்துப் பேசினால் அதுவும் பயன்படாது என்பதை மட்டும் இங்கே சொல்லி அமைகிறோம்.

பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. வாசல் வளைவுக்கும் மணிக்கூண்டுக்கும் பளிங்குக் கல்வெட்டுக்கும் இலட்சக்கணக்கிற் பணம் சேர்க்கிறீர்கள். வளைவினூடே பார்வையற்ற பிள்ளையும் போகிறான். கல்வெட்டிலுள்ள உங்கள் பெயரை அவன் வாசிக்கப்போவதில்லை. ஒரு வளைவின் செலவில் ஒரு நூலகத்துக்கு வருடியும் பிறெயிற் பலகைகளும் வாங்கலாம். ஆசிரியர்களும் பொறியியலாளர்களும் வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கினால் ஒரு பாடநூல் ஒரு தவணையில் ஒருங்குறிக்கு வந்துவிடும். பதிப்புரிமை தடையாகும் என்று அஞ்சுவோருக்கு: பார்வையற்றோர் வாசிக்கத்தக்க பிரதிகளை ஆக்கவும் நாடு விட்டு நாடு அனுப்பவும் வழிசெய்யும் 2013ஆம் ஆண்டின் மரக்கேஷ் உடன்படிக்கையில் இந்தியா 2014இலும் இலங்கை 2016இலும் சேர்ந்தன. தமிழ்நாட்டில் ஒலிநூலான தமிழ் நூலொன்று பாக்குநீரிணையைக் கடந்துவர அது வழி காட்டுகிறது.

அவ்விளைஞருக்காக நாம் மூன்று கடிதங்கள் எழுதினோம். விரிவுரையாளர்களில் ஒருவர், வயதில் மூத்தவர், கடிதம் கிடைத்த நான்காம் நாளே தம் குறிப்புகள் அனைத்தையும் மாற்றியனுப்பினார். தாம் இதனை அறியாதிருந்ததற்கு வருந்துவதாகவும் எழுதியிருந்தார். மற்றைய இருவரிடமிருந்து இன்னும் மறுமொழி இல்லை. ஆகவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அந்நிறுவனத்துக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறோம். இயலாமையுடைய மாணவர் எத்தனை பேர் பயில்கின்றனர், அவர்களின் கற்றற் கருவிகளுக்கெனக் கடந்த ஐந்து ஆண்டுகளிற் செலவிட்ட தொகை எவ்வளவு, விரிவுரைக் குறிப்புகளை எவ்வடிவில் வழங்குவதென மூதவை தீர்மானித்ததுண்டா என்று கேட்டிருக்கிறோம். பதினான்கு வேலைநாட்களுள் முடிவு தெரிவித்தல் வேண்டும். எந்தப் பிரஜையும் எந்தப் பல்கலைக்கழகத்திடமும் இவ்வாறே கேட்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை, ஒரு தாளும் முத்திரையும் போதும். எமக்கு வரும் மறுமொழியை இப்பத்திரிகையிலேயே வெளியிடுவோம். அதனை ஒருங்குறியில் வெளியிடுமாறு ஆசிரியரையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.